ஏட்டிலிருந்து எழுந்த வாள்: ஐரோப்பிய நீள்வாள் கலையை இன்று எப்படிப் பயில்கிறார்கள்?

2021இல் டோக்கியோ ஒலிம்பிக் களத்தில் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி இறங்கியபோதுதான், வாள்வீச்சு என்றொரு விளையாட்டு இருப்பதை நம்மில் பலர் கவனித்தோம். ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர். முதல் ஆட்டத்தில் துனிசியா வீராங்கனையை 15-3 என வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸின் மனோன் ப்ரூனேவிடம் 7-15 எனத் தோற்றார். அதற்குப் பிறகு வாள்வீச்சு என்று இணையத்தில் தேடியவர்களின் திரையில் இன்னொரு காட்சியும் வந்து நின்றது. கறுப்பு முகமூடி, பஞ்சு வைத்துத் தைத்த தடித்த மேலங்கி, நெஞ்சுயரம் இருக்கும் வாளை இரண்டு கையாலும் பிடித்த இருவர். தொட்டதைக் காட்டும் மின்விளக்கு எரியவில்லை. உடலில் கம்பி இணைப்பு இல்லை. நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓடாமல், ஒருவரையொருவர் வட்டமிட்டு வருகிறார்கள்.

இது என்ன? ஒலிம்பிக் விளையாட்டின் பழைய வடிவமா, திருவிழா வேடிக்கையா, சினிமாச் சண்டைக்கான ஒத்திகையா? மூன்றும் இல்லை. ஆசானிடமிருந்து மாணவனுக்கு வந்த தொடர்ச்சி அறுந்து, நூற்றாண்டுகள் கழித்து ஏடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீட்கப்படும் ஒரு போர்க்கலை அது. அதை எப்படி மீட்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள், பழகும்போது தீராமல் நிற்கும் சிக்கல் எது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே பெயரில் நான்கு காரியங்கள்

1. விளையாட்டு வாள்வீச்சு. ஒலிம்பிக்கில் இருப்பது. ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று ஆயுதங்கள். ஃபாயிலும் சேபரும் 500 கிராமைத் தாண்டக் கூடாது. எப்பேக்கு 770 கிராம் வரை இடம் உண்டு. 14 மீட்டர் நீளத் தடத்தில் ஆட்டம் நடக்கிறது. யார் யாரைத் தொட்டார் என்பதை மின்கருவி சொல்கிறது.

2. திரைச் சண்டை, மேடைச் சண்டை. அசைவுகள் முன்கூட்டியே அமைக்கப்பட்டவை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதால் வாள் அகலமாகச் சுழலும். எதிராளியின் உடலை விட்டு விலகியே வெட்டு போகும்.

3. கவசச் சண்டை. முழு எஃகுக் கவசம் அணிந்து, பெரும்பாலும் குழுவாக மோதி, எதிராளியைத் தரையில் வீழ்த்துவது.

4. வரலாற்று ஐரோப்பிய வாள்கலை. சுமார் 1300 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட போர்க்கலை நூல்களைப் படித்து, அவற்றில் சொன்னதைச் சொன்னபடி செய்து பார்ப்பது.

நான்காவதுதான் நம் பொருள். அதன் பரப்பு பெரியது: ஒற்றைக் கை வாளும் சிறு கேடயமும், நீள்வாள், ரேப்பியர் என்ற நீண்டு ஒடுங்கிய ஒற்றைக் கை வாள், சேபர், குத்துவாள், மல்யுத்தம் என்று விரிந்துகொண்டே போகும். இன்று அதிகம் பேர் பழகுவது நீள்வாள். அதிலும் ஜெர்மானிய மரபுக்கு எழுத்துச் சான்று மிகுதி என்பதால், இந்தக் கட்டுரை அந்த வழியிலேயே நடக்கிறது.

வாளின் எடை பற்றிய பொய்

நீள்வாள் என்றதும் பத்துக் கிலோ இரும்பை மூச்சு வாங்கத் தூக்கி அடிக்கும் வீரன்தான் பலர் மனத்தில் வருகிறான். உண்மையான நீள்வாளின் எடை பெரும்பாலும் 1.2 முதல் 1.7 கிலோவுக்குள். கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் எடை. அதை இரண்டு கைகள் பகிர்ந்துகொள்கின்றன. நீளம் 110 முதல் 130 சென்டிமீட்டர். அருங்காட்சியகங்களில் ஊர்வலத்துக்கென்று செய்த பெருவாள்கள் உண்டு. அவை கனமானவை, யாரையும் வெட்டச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றைப் பார்த்துப் போர்வாளை எடைபோட்டதால் வந்த பிழை இது.

எடையைவிட முக்கியமானது, அந்த எடை எங்கே இருக்கிறது என்பது. ஒரு விரலின் மேல் நீள்வாளைக் கிடத்தினால், கைக்காப்பிலிருந்து நாலு விரல்கடை முதல் அரைச் சாண் தூரத்துக்குள் அது சமநிலையில் நிற்கும். பிடியின் அடியில் இருக்கும் குமிழ், அலகின் எடைக்கு எதிர் எடையாக வேலை செய்கிறது. அதனால்தான் கையைச் சிறிது அசைத்தாலே முனை பெருந்தூரம் பாய்கிறது. வாள் ஒரு நெம்புகோல். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் அத்தனை நுட்பமும் புரிந்துவிடும்.

நெம்புகோல் என்பதால் அலகு இரண்டாகப் பிரிகிறது. காப்பிலிருந்து நடு வரை வன்பாதி; நடுவிலிருந்து முனை வரை மென்பாதி. என் வன்பாதி உன் மென்பாதியின் மேல் படிந்தால், நீ எவ்வளவு பலசாலி என்றாலும் உன் வாளை நான் ஓரங்கட்டிவிடுவேன். வெட்டும் விளிம்பான கருக்கும் இரண்டு. எதிராளியைப் பார்த்திருப்பது முன்கருக்கு. நம்மைப் பார்த்திருப்பது பின்கருக்கு. பின்கருக்கால் வெட்டுவது புதியவருக்கு விநோதமாகப் படும். ஆனால் எதிராளியின் வாளைச் சுற்றிக்கொண்டு அவர் தலையை எட்ட, பல நேரங்களில் அதுதான் குறுகிய வழி.

நூற்பாவும் உரையும்

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோஹானஸ் லீக்டெனாவர் இந்த மரபின் மூல ஆசான். அவர் கையால் எழுதிய ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. எஞ்சியது அவருடைய பாட்டு: எதுகையோடு அமைந்த, மனப்பாடம் செய்வதற்கேற்ற சிறுசிறு அடிகள். அவை வேண்டுமென்றே மறைபொருளாகக் கட்டப்பட்டவை என்றும், கலையைக் கண்டவரும் கற்றுவிடக் கூடாது என்பதே நோக்கம் என்றும் பின்வந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தமிழில் இலக்கணம் படித்தவருக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதே இல்லை. நூற்பா சுருக்கமானது, உரை இல்லாமல் திறக்காது, உரையாசிரியர்கள் இருவர் ஓரிடத்தில் ஒத்துப்போவார்கள், மற்றோரிடத்தில் வேறுபடுவார்கள். லீக்டெனாவரின் பாட்டுக்கும் அப்படியே. 1452 என்று ஆண்டு குறித்த ஓர் ஏடு ரோம் நகரில் இருக்கிறது. சிக்மண்ட் ரிங்கெக் என்ற ஆசானின் உரை ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது. நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் 3227ஏ என்ற எண்ணோடு இருப்பதோ வாள்கலை ஏடு மட்டும் அன்று. எஃகைப் பதப்படுத்தும் முறை, ரசவாதக் குறிப்பு, சமையல் குறிப்பு எல்லாம் கலந்த ஒரு வீட்டுக் கையேடு. அதன் நடுவில் வாள்கலையைப் பற்றி மிக ஆழமான ஒரு பகுதி. பழக்கம் கலையைவிட மேலானது, கலையில்லாத பழக்கமாவது பயன்படும், பழக்கமில்லாத கலை பயன்படாது என்று அதில் ஒரு வரி வருகிறது. எழுதியவர் பெயர் தெரியாவிட்டாலும் வாள் பிடித்துத் தழும்பேறிய கை அது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஜெர்மனிக்கு வெளியேயும் சான்றுகள் உண்டு. இத்தாலியின் ஃபியோரே தெய் லிபெரி சுமார் 1410இல் எழுதிய நூலில், வாள்வீரனுக்கு வேண்டிய நான்கு குணங்களை நான்கு விலங்குகளாக வரைந்திருக்கிறார்: விவேகத்துக்கு லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை, விரைவுக்குப் புலி, துணிவுக்குச் சிங்கம், உறுதிக்கு முதுகில் கோபுரம் சுமந்த யானை. கிடைத்தவற்றுள் மிகப் பழைய வாள்கலை நூல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள அரச ஆயுதச் சாலையில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்த ஏட்டில் ஒரு பாதிரியார் மாணவனுக்கு வாளும் சிறு கேடயமும் கற்பிக்கிறார். அதன் கடைசிப் பக்கங்களில் மாணவனின் இடத்தில் வால்பூர்கிஸ் என்ற பெண் நிற்கிறாள்.

ஏட்டை உடலுக்கு இறக்குவது எப்படி? ஓர் எடுத்துக்காட்டு. "வளைந்து விரைந்து முனையைக் கைகளின் மேல் எறி" என்கிறது பாட்டில் ஓரிடம். யாருடைய கை, எந்தக் கால் முன்னே, எப்போது என்று எதுவும் இல்லை. உரை வந்து, வலக்காலை நன்றாக வலப்புறம் வைத்து, நம் கைகள் குறுக்காகும்படி, எதிராளியின் கைகளின் மேல் வெட்டு என்கிறது. அடியை எவ்வளவு தூரம் வைப்பது, எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பதை உரையும் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்றைய பயிற்சியாளர்கள் பின்பற்றும் வழி இது:

1. பல ஏடுகளில் உள்ள ஒரே பகுதியை அருகருகே வைத்துப் படிப்பது. ஒன்று விட்டதை இன்னொன்று சொல்லியிருக்கும்.

2. இருவர் எதிரெதிரே நின்று, சொன்னதை மிக மெதுவாகச் செய்து பார்ப்பது.

3. ஏடு அடுத்து என்ன சொல்கிறது என்று பார்ப்பது. "அவன் இதைத் தடுத்தால் நீ இப்படிக் குத்து" என்று அடுத்த வரி இருந்து, நாம் நிற்கும் நிலையிலிருந்து அந்தக் குத்து எட்டாவிட்டால், முந்தைய வரியை நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். மிகக் கூர்மையான சோதனை இதுதான்.

4. கடைசியாக, ஒத்துழைக்காத எதிராளியிடம் முழு வேகத்தில் முயல்வது.

இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டால் அழகான நடனம் கிடைக்கும். நேராக நான்காவதுக்குத் தாவினால் ஆளுக்கொரு கைவரிசை கிடைக்கும், ஏடு கிடைக்காது.

எருதும் ஏரும்: நுட்பத்தின் சட்டகம்

லீக்டெனாவர் நான்கு நிலைகள் போதும் என்கிறார். எருது நிலையில் பிடி தலைக்கு அருகே உயர்ந்து, முனை கொம்பைப் போல எதிராளியின் முகத்தைப் பார்க்கும். ஏர் நிலையில் பிடி இடுப்பருகே தாழ்ந்து, முனை மேல்நோக்கி நிற்கும். மூடன் நிலையில் முனை தரையைப் பார்க்கும். உடல் முழுவதும் திறந்து கிடப்பதுபோல் தோன்றும். உச்சி நிலையில் வாள் தோளிலோ தலைக்கு மேலோ ஓங்கி நிற்கும்.

இந்த நிலைகளை உடைப்பதற்கென்றே வெட்டுகள் உண்டு. வளைவெட்டு எருதை உடைக்கும். குறுக்குவெட்டு உச்சியை, ஓரக்கண் வெட்டு ஏரை, உச்சந்தலை வெட்டு மூடனை உடைக்கும். ஐந்தாவதாக, எந்த நிலைக்கும் குறிவைக்காத ஒன்று இருக்கிறது: கோபவெட்டு. கோபம் வந்தால் யாரும் தோளிலிருந்து ஓங்கிப் போடும் சாய்வெட்டு, அவ்வளவுதான். கலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஆகவே அதை அருகில் போய்ப் பார்ப்போம்.

எதிராளி தன் வலத் தோளிலிருந்து நம் தலையை நோக்கி வெட்டுகிறார். நாம் தடுக்கவில்லை. நம் வலத் தோளிலிருந்து அதே வெட்டை, வலக்காலை முன்வைத்து, அவர் வாளின் மீதே இறக்குகிறோம். இரண்டு அலகுகளும் நடுவழியில் மோதி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிற்கின்றன. இந்த ஒட்டுக்குப் பெயர் பிணைப்பு. நம் முனை இப்போது அவர் முகத்துக்கு நேராக இருக்கிறது. இனி நடப்பது, அவர் கை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது:

1. அவர் வாள் தளர்வாக இருந்தால், முனையை அப்படியே முகத்துக்கு நீட்டுகிறோம்.

2. குத்தைக் கண்டு அவர் நம் வாளை ஓரமாகத் தள்ளினால், அந்தத் தள்ளலை எதிர்க்காமல் வாளை அவர் வாளின் மேலாகத் தூக்கி எடுத்து, மறுபுறம் தலையில் வெட்டுகிறோம். அவருடைய பலம் காற்றில் போகிறது.

3. அவர் தள்ளாமல் உறுதியாக ஊன்றி நின்றால், நாமும் உறுதியாக நின்று, பிணைப்பை விடாமல் கைகளை உயர்த்தி வாளைத் திருகுகிறோம். நம் வன்பாதி அவர் மென்பாதிக்கு ஏறுகிறது; முனை மேலிருந்து இறங்குகிறது.

மூன்றில் எதைச் செய்வது என்று முன்கூட்டி முடிவு செய்ய முடியாது. முடிவு செய்துகொண்டு போனவர் தோற்பார். பிணைப்பில் அவர் வாளின் அழுத்தம் நம் உள்ளங்கைக்கு வந்து சேரும் அந்தக் கணத்திலேயே பதில் புறப்பட வேண்டும். இந்தக் கணத்துக்கு ஜெர்மானிய ஏடுகள் கொடுத்த பெயர் 'இன்டெஸ்'. 'அதற்குள்' என்ற நம் சொல் அதற்குப் பொருந்தும். முந்திச் செய்வது, பிந்திச் செய்வது, அதற்குள் செய்வது: இம்மூன்றும் காலத்தின் பெயர்கள். வாளின் வழியாக எதிராளியின் எண்ணத்தைத் தொட்டறிவதற்கு உணர்தல் என்றே பெயர். உணர்தலையும் 'அதற்குள்' என்ற சொல்லையும் கலையின் தலையாய பாடமாக உரைகள் வைக்கின்றன. கண்ணால் பார்த்துச் செயல்படுவதைவிடத் தொட்டுணர்ந்து செயல்படுவது விரைவு. முனைகள் நெருங்கிவிட்ட தூரத்தில் கண் தாமதமாகவே வந்து சேர்கிறது.

காலும் கையும்: எது முதலில்?

1599இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயரான ஜார்ஜ் சில்வர் இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறார். கை விரைவானது; கால் மெதுவானது. கையை நம்பிக் காலை நகர்த்துவது மெய்யான காலம். காலை நம்பிக் கையை அசைப்பது பொய்யான காலம். ஏன்? முதலில் கால் போனால் உடல் எதிராளியின் வாளுக்கு எட்டும் தூரத்துக்குள் நுழைந்துவிடுகிறது, நம் வாளோ இன்னும் தோளில் இருக்கிறது. முதலில் கை போனால், எதிராளி நம்மை வெட்ட வரும் பாதையில் நம் வாள் ஏற்கெனவே நிற்கிறது. பாதம் தரையில் படியும் நேரமும் வெட்டு இறங்கும் நேரமும் ஒன்றாக வேண்டும், ஆனால் புறப்படுவது கையாக இருக்க வேண்டும். மனித உடல் இயல்பாக இதற்கு நேர்மாறாகவே செய்யும். புதிதாகச் சேர்ந்தவரின் முதல் சில மாதங்கள் இந்த ஒன்றைத் திருத்துவதிலேயே போய்விடும்.

ரேப்பியருக்கும் இதே கணக்குத்தான். 1553இல் ரோமில் கமில்லோ அக்ரிப்பா குத்துக்கு முதன்மை கொடுத்து நிலைகளை எண்ணிட்டு வகுத்தார்; 1606இல் சால்வதோர் ஃபாப்ரிஸ் கோபன்ஹேகனிலும், 1610இல் ரிடோல்ஃபோ காப்போ ஃபெர்ரோ சியேனாவிலும் தந்த நூல்கள், முன்காலை நீட்டிப் பாயும் குத்தைத் தெளிவான படங்களோடு விளக்கின. அந்தப் பாய்ச்சலின் வழித்தோன்றல்தான் ஒலிம்பிக் தடத்தில் நாம் பார்ப்பது. ரேப்பியர் ஈர்க்குச்சிபோல் இலேசானது என்ற எண்ணமும் பிழை. ஒரு மீட்டரைத் தாண்டும் அலகோடு, பல ரேப்பியர்கள் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. அதையும் ஒற்றைக் கையில் பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு பயிற்சிக் கருவியும் ஓரிடத்தில் பொய் சொல்லும்

இந்தக் கலையின் மையச் சிக்கல் இங்கே தொடங்குகிறது. கொல்வதற்கென்று எழுதப்பட்ட நுட்பத்தை யாரையும் கொல்லாமல் பழக வேண்டும். அதற்காக எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிய இடத்தில் உண்மை நழுவுகிறது.

1. மரவாள். மலிவானது, காலடியும் வெட்டுப் பாதையும் பழக ஏற்றது. ஆனால் வளையாது. அதை வைத்து வேகமாகக் குத்தினால் விலா முறியும். சமநிலையும் எஃகு வாளைப்போல் இராது.

2. நைலான் வாள். அடி தாங்கும், இலேசு. பிணைப்பில் வழுக்கும், துள்ளும். உணர்தலை அதில் கற்க முயல்வது கையுறை போட்டுக்கொண்டு பட்டின் தரம் பார்ப்பதுபோல.

3. ஃபெடர் என்ற எஃகுப் பயிற்சி வாள். மெல்லிய மழுங்கல் அலகு. எடையைக் கைப்பக்கம் இழுத்துக்கொள்ளக் காப்பின் அருகே மட்டும் அகலமான ஒரு தட்டு. குத்தினால் வளைந்துகொடுக்கும். இது இன்றைய கண்டுபிடிப்பு அன்று. 16ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குப் படங்களிலேயே இதே வடிவம் இருக்கிறது. இன்று போட்டிகளில் பெரும்பாலும் இதுதான். இதன் பொய் சிறியது, ஆனால் ஆழமானது. அதை அடுத்த கருவியோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

4. கூர்வாள். கூரான இரண்டு கருக்குகள் மோதும்போது ஒன்றையொன்று கடிக்கும். இரும்பில் இரும்பு பதிந்து, ஒரு கணம் ஒட்டிக்கொள்ளும். மழுங்கல் வாள்கள் வழுக்கி நகர்ந்துவிடும். ஏடுகள் பிணைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது ஏன் என்பது, கூர்வாளோடு மிக மெதுவாக, மிகுந்த கட்டுப்பாட்டோடு பழகியவர்களுக்குச் சட்டென்று விளங்குகிறது.

கூர்வாளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: நனைத்துச் சுருட்டிய கோரைப்பாயை நிறுத்தி வெட்டிப் பார்ப்பது. கருக்கும் வெட்டின் பாதையும் ஒரே தளத்தில் இருந்தால் பாய் சத்தமின்றித் துண்டாகும். சற்றே திரும்பியிருந்தால் வாள் பாதியில் சிக்கும், அல்லது பாய் மொத்தமும் கவிழும். ஃபெடரால் அடிக்கும்போது கருக்கு திரும்பியிருந்தாலும் புள்ளி கிடைத்துவிடும். பாய் அப்படி மன்னிக்காது. வெறும் காற்றில் வெட்டிப் பழகும்போதும் காது ஓரளவு சொல்லும். கருக்கு நேராக இருந்தால் சீழ்க்கை போன்ற ஒலி தெளிவாக வரும்.

ஆகவே ஒரு கருவியோடும் ஒரு முறையோடும் நின்றுவிடும் கூடம் நல்ல கூடமாக இருக்க முடியாது என்பது என் தீர்ப்பு. இருவர் சேர்ந்து பழகும் பாடம், மெதுவான ஆட்டம், முழு வேக ஆட்டம், வெட்டிப் பார்த்தல் ஆகிய நான்கில் ஒன்றின் பொய்யை மற்றொன்று பிடித்துக்கொடுக்கும். இருவர் பாடத்தில் எதிராளியாக நிற்பவரின் பொறுப்பு தனியானது. அவர் நம் தலைக்கு எட்டாத தூரத்தில் வெட்டினால், நாம் கற்பது இல்லாத ஆபத்தைத் தடுக்கும் வித்தை. எட்டும் தூரத்தில் வெட்டுவதே சகமாணவருக்கு அவர் செய்யும் உதவி.

இருவரும் வெட்டுப்பட்டால்

இணையக் காணொளிகளைப் பார்ப்பவர்களை மிகவும் குழப்புவது இதுதான்: இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். கலை தெரிந்தவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

காரணம் மூன்று.

1. அச்சம் இல்லை. முகமூடிக் கம்பிவலையும் மேலங்கித் துணியும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று நியூட்டன் அளவில் சோதிக்கப்பட்டவை. 350 நியூட்டன் துணி, 800 நியூட்டன் துணி, 1600 நியூட்டன் முகமூடி என்றெல்லாம் விற்கிறார்கள். பின்மண்டைக்கும் தொண்டைக்கும் தனிக் காப்பு உண்டு. விரல்களுக்குத்தான் ஆபத்து அதிகம், அதனால் கையுறைதான் மிகத் தடிப்பானது. இத்தனையும் இல்லாமல் முழு வேக ஆட்டம் கூடவே கூடாது. ஆனால் இத்தனையும் அணிந்த உடல், எதிரே வரும் எஃகைப் பார்த்துப் பின்வாங்கும் இயல்பை மறந்துவிடுகிறது. "எளிதில் அஞ்சுபவன் வாள்கலை கற்க வேண்டாம்" என்று லீக்டெனாவரின் பாட்டில் ஓரடி உண்டு. இன்றைய கூடங்களில் சிக்கல் எதிர்த்திசையில் வந்து நிற்கிறது: அஞ்ச வேண்டிய இடத்திலும் யாரும் அஞ்சுவதில்லை.

2. முந்துவதை மட்டும் கற்று, காத்துக்கொண்டு முந்துவதைக் கற்காதது. கோபவெட்டு முந்துகிறது, ஆனால் எதிராளியின் வாள் வரும் பாதையை அடைத்துக்கொண்டே முந்துகிறது. இந்த இரண்டாவது பாதி பழகுவதற்குக் கடினம். முதல் பாதி மட்டும் எளிதில் வந்துவிடும்.

3. உள்ளே போவதைப் பழகி, வெளியே வருவதைப் பழகாதது. வெட்டுப்பட்ட மனிதன் உடனே விழுந்துவிடுவதில்லை. ஓங்கிய கை இறங்கியே தீரும். ஆகவே வெட்டிய பிறகு வாளால் மூடிக்கொண்டு விலகுவதும் வெட்டின் பகுதிதான்.

விளையாட்டு வாள்வீச்சும் இதே சிக்கலைச் சந்தித்தது. அதற்குச் சட்டத்தால் விடை கண்டது. ஃபாயிலிலும் சேபரிலும் தாக்குதலை முதலில் முறையாகத் தொடங்கியவருக்கு முன்னுரிமை. இருவர் விளக்கும் எரிந்தால் முன்னுரிமை உள்ளவருக்கே புள்ளி. எப்பேயில் அந்த முன்னுரிமை இல்லை. நொடியில் 25இல் ஒரு பங்கு இடைவெளிக்குள் இருவரும் தொட்டால் இருவருக்கும் புள்ளி. நீள்வாள் போட்டிகளில் பொதுச் சட்டம் என்று ஒன்று இன்னும் அமையவில்லை. வழக்கத்தில் இருப்பவை இவை: இருவரும் வெட்டுப்பட்டால் யாருக்கும் புள்ளி இல்லை என்பது ஒன்று. அப்படிப்பட்ட மோதல் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் இருவருமே தோற்றவர்கள் என்பது இன்னொன்று. முதல் வெட்டு விழுந்த பிறகு, வெட்டுப்பட்டவர் உடனே திருப்பி வெட்டினால் முதலில் வெட்டியவரின் புள்ளி குறையும் என்ற 'பின்வெட்டு' விதி மூன்றாவது. மூன்றில் பின்வெட்டு விதியே கலைக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன். வெட்டிவிட்டு மூடிக்கொண்டு வெளியேறுபவருக்குத்தான் அது முழுப் புள்ளி தருகிறது. அதிலும் ஓட்டை உண்டு. தன்னைக் காத்துக்கொள்ள முயலாமல், திருப்பி வெட்டிப் புள்ளியைக் குறைப்பதையே உத்தியாக வைத்துக்கொள்பவர்களும் வந்துவிட்டார்கள்.

விதி மாறினால் கை மாறும்

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 2006இல் தொடங்கிய ஸ்வார்ட்ஃபிஷ் போன்ற போட்டிகள், இந்தக் கலையை நூலகத்திலிருந்து களத்துக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன்பும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஆல்ஃபிரட் ஹட்டனும் எகெர்டன் காஸலும் பழைய நூல்களைத் தூசிதட்டி எடுத்து, மேடையில் செய்துகாட்டினார்கள். அது அவர்களோடு அணைந்துவிட்டது. 1990களுக்குப் பிறகு ஏடுகளின் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியதும்தான் கலை ஊர் ஊராகப் பரவியது.

போட்டி பெருகினால் கலை கெடும் என்று ஒரு சாராரும், போட்டி இல்லாவிட்டால் கலை கற்பனையாகிவிடும் என்று மறுசாராரும் இன்று வாதிடுகிறார்கள். வாதம் புதிதன்று, விதிகள் கையை மாற்றுவதை இந்த மரபு தன் வரலாற்றிலேயே ஒருமுறை பார்த்துவிட்டது. 1487இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக், பிராங்க்பர்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மார்க்ஸ் சகோதரர்கள் என்ற வாள்வீரர் சங்கத்துக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். அதற்குப் பின்வந்த நூற்றாண்டில் ஜெர்மானிய நகரங்களில் மக்கள் கூடிப் பார்க்கும் வாள் போட்டிகள் பெருகின. தலையில் மிக உயரமான இடத்தில் இரத்தம் வரச் செய்தவர் வென்றவர். முனையால் குத்தக் கூடாது, குமிழால் இடிக்கக் கூடாது, கையை முறிக்கக் கூடாது என்று போட்டிக்கு முன் அறிவிப்பார்கள்.

விளைவை ஏடுகளிலேயே அளக்கலாம். 15ஆம் நூற்றாண்டு உரைகளில் கோபவெட்டின் முதல் கிளையே முகத்துக்கு நீளும் குத்து. 1570இல் கத்தி செய்யும் தொழிலாளியான யோவாகிம் மேயர் ஸ்ட்ராஸ்பர்க்கில் வெளியிட்ட பெரிய பாடநூலைத் திறந்தால், நீள்வாள் பகுதியில் குத்து ஒதுங்கிவிட்டது. அதன் இடத்தில் சுழன்று சுழன்று வரும் வெட்டுகள், அலகின் தட்டைப் பக்கத்தால் தலையில் அறையும் அடிகள், பின்கருக்கால் காதோரம் சுண்டும் வீச்சுகள் நிறைந்திருக்கின்றன. போட்டியில் வெல்ல அவை போதும். அதே நூலில் பின்னால் ரேப்பியர் பகுதி வருகிறது. அங்கே மேயர் நெஞ்சுக்கும் முகத்துக்கும் குத்தக் கற்றுக்கொடுக்கிறார்.